அளந்து போனவர்கள் திரும்பி வந்து சொன்னதுண்டா?



பல்கலைக்கழகத்தில் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்பதைப் பற்றி நம் இதழில் எழுத வந்தால், "நமக்கு ஏன் இந்த வம்பு? பிள்ளை பத்தாவது தேறி ஒரு வேலைக்குப் போனால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் தவறில்லை. தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் அட்டைக்கும் போராடியே முடி நரைத்தவர்கள் நாம். ஆனாலும் இந்த வம்பு நம்முடையதுதான். நாம் பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டாலும் பல்கலைக்கழகம் நம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, கையில் பேனாவும் கேள்வித் தாளுமாக.

சென்ற மழைக்காலத்துக்கு முன்பு தாராவியில் நம் சால் ஒன்றுக்குக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்த பிள்ளைகள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லிக்கு அடுப்பு மூட்டும் நம் அக்கா ஒருவரிடம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார்கள். நாளுக்கு எத்தனை குடம் தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, மாவரைக்க மின்சாரம் எவ்வளவு, வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா? அக்கா அலுக்காமல் சொன்னார். தேநீரும் போட்டுக் கொடுத்தார். எழுந்து புறப்படும்போது அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எழுதிக்கிட்டீங்களே தம்பி, இதை வச்சு என்ன செய்வீங்க?" தலைவனாக வந்த பையன் சங்கடத்தோடு சிரித்தான். "புராஜெக்ட் சமர்ப்பிக்கணும் அக்கா" என்றான்.

அந்தப் பையன் மீது நமக்கு வருத்தம் இல்லை. அவன் உண்மையைச் சொன்னான். நம் வருத்தமெல்லாம் அவனுக்கு அப்படிப் பாடம் சொல்லிக் கொடுத்த முறையின் மீதுதான். அக்காவின் வாழ்க்கை அவனுக்கு மதிப்பெண்ணாக மாறியது. அக்காவுக்கு என்னவாக மாறியது? இத்தனை வருடமாக நம் சந்துகளை அளந்து போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து, "அம்மா, நாங்கள் கண்டது இது, நீங்கள் செய்யக்கூடியது இது" என்று சொன்னார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். தாராவியிலிருந்து ரயில் பாதையைக் கடந்தால் மாதுங்கா. துணி ஆலைகளுக்குக் கைத்திறன் உள்ளவர்களைத் தயாரிக்க 1887இல் தொடங்கிய வி.ஜே.டி.ஐ. அங்கேதான் இருக்கிறது. 1933இல் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி இன்று தனிப் பல்கலைக்கழகமாக நிற்கும் வேதித் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான். ரூயா, போதார் என்று கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. 1932இல் நம் தென்னாட்டுப் பெரியவர்கள் மாதுங்காவில் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம் சயானில் கல்லூரி நடத்துகிறது. அதே சயானில் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. செம்பூர்ப் பக்கம் போனால் தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம், மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இத்தனை கலைக்கோயில்கள் நடந்து போகும் தூரத்திலோ ஒரு பஸ் டிக்கெட் தூரத்திலோ இருக்கின்றன. ஆனால் அவற்றின் உள்ளே இருக்கும் அறிவுக்கும் நமக்கும் உள்ள தூரம் என்ன? திருநெல்வேலிக்கும் மும்பைக்கும் உள்ள தூரத்தைவிட அது அதிகம்!

இது இன்று நேற்றுப் பிறந்த குறை அன்று. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1882இல், ஹண்டர் கல்விக் குழுவின் முன் மகாத்மா ஜோதிராவ் புலே தம் கருத்தை எழுதிக் கொடுத்தார். அரசுக்கு வரும் வருவாயில் பெரும்பகுதி உழைக்கும் குடியானவனின் வியர்வை, அதில் நடக்கும் உயர்கல்வியின் பலனோ மேல்தட்டு மக்களுக்கே போய்ச் சேருகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். வரி கொடுப்பவன் ஒருவன், படிப்பவன் இன்னொருவன் என்று அவர் அன்று கேட்ட கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை. நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில்தான் ஆய்வுக்கூடங்களின் விளக்கு எரிகிறது.

வேறு வழியே கிடையாதா? உண்டு என்று காட்டியவர்கள் இந்த நகரத்திலேயே இருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். வேலைக்குப் போகும் இளைஞர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகக் காலை நேர வகுப்புகள் நடத்தப்பட்டன. மாணவன் கல்லூரிக்கு ஏற்ப மாற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. உழைக்கும் மாணவனின் கடிகாரத்துக்குக் கல்லூரியை மாற்றினார். பாடம் நடத்தும் முறையில் சமூகப் பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் பிறப்பும் நினைவில் கொள்ளத் தக்கது. கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் 1926இல் நாக்பாடாவில், உழைக்கும் மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், ஓர் அக்கம்பக்க இல்லத்தை நடத்தத் தொடங்கினார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1936இல் சமூகப்பணிப் பள்ளி பிறந்தது. அதாவது தெரு முதலில் வந்தது, பள்ளி பிறகு வந்தது. அந்தப் பள்ளியே 1954இல் தேவனாருக்கு வந்து, 1964இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சுற்றிலும் உள்ள எம்-கிழக்கு வார்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தின் குப்பை மலை அங்கேதான். 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை நகரத்தின் 24 வார்டுகளில் அதையே கடைசியில் வைத்தது. தன் 75ஆம் ஆண்டையொட்டி அந்தக் கழகம் இந்த வார்டையே தன் பாடமாக எடுத்துக்கொண்டது. மாணவர்களும் ஆசிரியர்களும் கோவண்டி, மான்குர்டு குடியிருப்புகளில் இறங்கி வேலை செய்தார்கள். வாசலுக்கு எதிரில் இருக்கும் வறுமையைப் பாடப்புத்தகத்தில் தேடாமல் நேரில் பார்க்கச் சொன்ன அந்த முடிவை நாம் பாராட்டுகிறோம்.

பாராட்டிய வாயால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே கழகத்தில் 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மத்திய அரசின் உதவித்தொகையை நம்பிப் படித்த தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதே காரணம். நிதி இல்லை என்றது நிருவாகம். இருக்கலாம். ஆனால் எந்தத் தெருவின் வறுமையை மாணவன் படிக்கிறானோ, அந்தத் தெருவின் பிள்ளை வகுப்பறையில் உட்கார முடியாமல் போனால், அந்தப் பாடம் எப்படி முழுமையாகும்? ஏழையைப் பற்றிப் படிக்கும் கல்லூரி வேறு, ஏழையும் படிக்கும் கல்லூரி வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

சயான் மருத்துவமனையைப் பாருங்கள். நம் பெண்கள் பிரசவத்துக்குப் போகும் இடம். அங்கே குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். குறை மாதத்தில் பிறந்து, பெற்றவளிடம் பால் இல்லாத குழந்தைக்கு இன்னொரு தாயின் பால் கிடைத்தது. ஆனால் குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே பாதி தீங்கு நடந்து முடிந்துவிடுகிறது என்பதை அனுபவத்தில் கண்ட மருத்துவர்கள் சேர்ந்து 1999இல் 'ஸ்நேஹா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாராவிச் சந்துகளில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தேடிப் போனார்கள். நோயாளி வரும்வரை காத்திருப்பது ஒரு பாடம். நோய் பிறக்கும் இடத்துக்குப் போவது இன்னொரு பாடம். இரண்டாவதைக் கற்ற மாணவனே முழு மருத்துவன்.

மான்குர்டில் உள்ள ஹோமி பாபா மையத்தின் கதை நம் வீட்டுக் கதை. 1974இல் தொடங்கிய அந்த மையம் 1980களில் மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளோடு வேலை செய்தது. பிள்ளைகளுக்கு மூளை இல்லை என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தின் மொழிதான் சுவராக நிற்கிறது, மொழியை எளிமையாக்கினால் பிள்ளை மேலே வருகிறான் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். தமிழ்வழியில் மாநகராட்சிப் பள்ளியில் படித்துவிட்டு, திடீரென்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் வகுப்பு நடக்க, வாய் பேசாமல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களைத் 'தோற்றவர்கள்' என்றது உலகம். தோற்றது அவர்கள் அல்லர். சொல்லிக் கொடுத்த முறை.

அரசுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும், காகிதத்தில் எழுதியும் வைத்திருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது. கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னதை ஒட்டி, 2004 வாக்கில் பட்டப்படிப்பு மாணவர்கள் அனைவருக்கும் ஆறு மாதப் பாடம் வந்தது. 2014இல் 'உன்னத் பாரத் அபியான்' வந்தது. 2020இல் புதிய கல்விக் கொள்கை வந்தது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, உயர்கல்வி நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கு வழிகாட்டும் திட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. சமூகத்தோடு சேர்ந்து கற்க ஒரு பாடம், அதில் பாதி நேரமாவது வகுப்பறைக்கு வெளியே என்றெல்லாம் அதில் இருக்கிறது. எழுதியவர்களின் எண்ணம் நல்ல எண்ணம்தான்.

ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். உன்னத் பாரத் திட்டத்தின்படி ஒரு கல்வி நிறுவனம் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். கிராமம்! தாராவி கிராமம் அன்று. சீத்தா கேம்ப்பும் கிராமம் அன்று. எனவே மும்பைக் கல்லூரி மாணவன் பஸ் பிடித்துத் தானா மாவட்டத்துக்கோ பால்கருக்கோ போகிறான். போகட்டும், அந்த மக்களுக்கும் துணை வேண்டும். ஆனால் அவன் கல்லூரிச் சுவருக்குப் பின்னால் வழியும் சாக்கடை எந்தத் திட்டத்திலும் இல்லையே! பக்கத்து வீட்டுக்காரன் பசித்திருக்க, பத்து மைலுக்கு அப்பால் அன்னதானமா?

சுற்றுச்சூழல் பாடத்தையும் பாருங்கள். குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும், மறுபயன் செய்ய வேண்டும் என்று மாணவன் மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறான். அந்தப் பாடத்தைக் கையால் செய்துகொண்டிருக்கும் இடம் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு. நகரம் எறிந்த பிளாஸ்டிக்கை நிறம் பார்த்து, தட்டி ஓசை கேட்டு, இது இன்ன வகை என்று நொடியில் பிரிக்கிறார்கள் நம் தொழிலாளர்கள். உடைத்து, கழுவி, காயவைத்து, மணியாக உருக்கி மறுபடி தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். இது அறிவு இல்லையா? இந்த அறிவைப் பெற்றவர் வகுப்பில் ஆசிரியராக ஒரு மணி நேரம் நிற்கக் கூடாதா? அதே சமயம் உருகும் பிளாஸ்டிக்கின் புகை அவர் நெஞ்சுக்குள் போகிறது. அதைத் தடுக்கும் வழியைச் சொல்லக்கூடிய வேதியியல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்மை! அப்படி உட்காராதவரை அது ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது.

'நீடித்து நிற்கும் கல்வி' என்று இப்போது பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது மிக எளிது. விதைநெல்லை உண்ணாதே. இன்றைக்கு எடுப்பதில் ஒரு பங்கை நாளைக்கென்று மண்ணுக்குத் திருப்பிக் கொடு. ஆண்டுதோறும் புது மாணவர்கள், புதுச் சந்து, புதுக் கேள்வித் தாள், பழைய அறிக்கை பரணில் என்றால் அது விதைநெல்லைத் தின்னும் படிப்பு. தமிழ்நாட்டில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில், டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் உருவாக்கிய கிராமியக் கல்வி நிலையம் 1956இல் தொடங்கி 1976இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே படிப்பின் ஓர் அங்கம். அதை அரைநாள் சுற்றுலாவாக யாரும் நினைப்பதில்லை. கிராமத்துக்கு முடியும் என்றால் சாலுக்கும் முடியும்.

இங்கே சிலர் மறுப்புச் சொல்வார்கள். "பல்கலைக்கழகத்தின் வேலை ஆராய்ச்சி, சமூக சேவை அன்று. மாணவனைக் குப்பைத் தொட்டிப் பக்கம் அனுப்பினால் தரம் குறையும்" என்பார்கள். நாம் சேவை கேட்கவில்லை. இரக்கமும் கேட்கவில்லை. வெள்ளம் எந்தச் சந்தில் எத்தனை அடி ஏறுகிறது என்பதை அங்கே வாழ்கிறவளிடம் கேட்டு, கணக்குப் போட்டு, அவளிடமே திரும்பி வந்து சரிபார்க்கும் பொறியாளன் நல்ல பொறியாளனா, கேட்காதவன் நல்ல பொறியாளனா? உண்மைக்கு அருகில் போவதால் தரம் உயருமே தவிரக் குறையாது.

வேறு சிலர் நம்மவர்களே. "நம் பிள்ளை இந்தச் சகதியிலிருந்து தப்பிக்கத்தானே படிக்கிறான்? அவனை மறுபடி இதற்குள்ளேயே இழுக்கிறீர்களே" என்பார்கள். பெற்ற வயிற்றின் பயம் அது, நமக்கும் புரிகிறது. ஆனால் ஒவ்வொருவராகத் தப்பித்துப் போனால் சால் அப்படியேதான் கிடக்கும். ஊரோடு சேர்ந்து மேலே வரும் வழியும் ஒன்று இருக்கிறது.

இப்போது இதைச் சொல்ல அவசரம் என்ன? காரணம் இருக்கிறது. தாராவியின் ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தை இடித்துக் கட்டும் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. மாநில அரசும் அதில் பங்குதாரர். 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்கு ஒரு நியாயம், பின்னால் வந்தவர்களுக்கு வேறு நியாயம், மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு நியாயம். எந்தக் காகிதம் செல்லும், எது செல்லாது? வரைபடத்தில் நம் சந்து எங்கே? எஃப்.எஸ்.ஐ. என்றால் என்ன? இட்லிக்கடை அக்காவின் அடுப்பு பதினைந்தாவது மாடியில் எரியுமா? இவற்றைப் படித்துச் சொல்லக்கூடிய கட்டடக்கலை மாணவனும் சட்ட மாணவனும் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் நம்மைப் பற்றி எழுதுவது போதாது. நமக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

கோலார் தங்க வயலிலிருந்து இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்த ஜோக்கின் அற்புதம் நம்மவர். அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகில் இருந்த ஜனதா காலனி 1976இல் இடிக்கப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப்புக்குத் தள்ளப்பட்டபோது முன்னின்று போராடியவர். பட்டம் பெறாத அவருக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது. 2018இல் மறைந்தார். அவரும் அவரோடு உழைத்தவர்களும் விட்டுப் போன பாடம் ஒன்று உண்டு: நம்மைப் பிறர் எண்ணுவதற்கு முன் நாமே நம்மை எண்ணிக்கொள்ள வேண்டும். கணக்கு யார் கையில் இருக்கிறதோ, பேச்சும் அவர் கையில்.

எனவே நாம் கல்லூரிகளிடம் கேட்பது இவைதான்.

ஒன்று: நம்மிடம் எடுத்த கணக்கைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் எழுதி, எடுத்த சந்திலேயே வந்து வாசித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகே மதிப்பெண் போடுங்கள்.

இரண்டு: கிராமத்தோடு நகரத்துச் சேரிகளையும் உங்கள் திட்டத்தில் சேருங்கள். ஒரே பகுதியில் ஐந்தாண்டுகளாவது தொடர்ந்து இருங்கள்.

மூன்று: குயவரையும் தோல் தொழிலாளியையும் மறுபயன் தொழிலாளியையும் ஆசிரியராக அழையுங்கள். அன்று இழக்கும் கூலியைக் கொடுங்கள்.

நான்கு: உதவித்தொகை வரும்வரை கட்டணம் கேட்டு நம் பிள்ளையை வாசலில் நிறுத்தாதீர்கள்.

ஐந்து: பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கோலியில் ஆறு பேர் வாழும்போது பிள்ளை எங்கே உட்கார்ந்து படிப்பான்? தேர்வு மாதங்களிலாவது உங்கள் படிப்பறையை மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்ததா? இல்லை. நம் சங்கங்களும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவைதான். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குக் கோப்பை கொடுத்தோம், பிரமுகருக்கு மாலை போட்டோம். தோற்ற பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டினோமா? மாதுங்காத் தமிழனும் தாராவித் தமிழனும் ஒரே மேடையில் மொழியைப் பற்றிப் பேசினோம். இறங்கிய பிறகு யார் எந்தச் சாதி என்று பார்த்துத்தானே தேநீர் குடித்தோம்?

ஆகவே இன்றிலிருந்து ஒரு சிறிய வேலையைத் தொடங்குவோம். ஒவ்வொரு சாலிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். கணக்கெடுக்க யார் வந்தாலும், கல்லூரியாக இருந்தாலும் கம்பெனியாக இருந்தாலும் அரசாக இருந்தாலும், பெயர், நிறுவனம், எதற்காக, முடிவை எந்தத் தேதியில் வந்து சொல்வார்கள் என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அந்தச் சாலில் உட்கார்ந்து, வந்த காகிதங்களைப் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

அடுத்த முறை அந்த அக்காவிடம் யாரேனும் கேள்வித் தாளோடு வந்தால் தேநீர் கட்டாயம் உண்டு. நம் பண்பு அது. ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் அவர் நோட்டுப் புத்தகத்தை நீட்டுவார்: "முதல்ல இதுல எழுதுங்க தம்பி. எப்போ திரும்பி வந்து சொல்வீங்க?"